மண் அணைக்கரையில் மரம் நடலாமா?

"சின்ன மண் அணையின் கரைமேல் மரம் நடுங்கள், வேர் மண்ணைக் கவ்விப் பிடிக்கும், அணை உடையாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு.

வேர் பட்டு மக்கியதும் கரைக்குள் குழாய் போல ஒரு வெற்றிடம் விழும். அதன் வழியே கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டே போனால் கரை உள்ளிருந்தே உடையும். புயலில் மரம் சாய்ந்தால் கரையில் ஒரு துண்டும் சேர்ந்து பெயரும். கரைக்கு ஏற்றது அடர்ந்த புல்தான். அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா 2005-இல் இதற்கென்றே வெளியிட்ட கையேட்டில் பார்க்கலாம்.

சரி, ஏற்கெனவே வளர்ந்த பெரிய மரம்? அவசரப்பட்டு வெட்டாதீர்கள், வேர் உள்ளேயே மக்கும், பொறியாளரைக் கேளுங்கள். அந்தத் தகவலை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.