மலையில் விழும்போது முதலில் அடிபடுவது முதுகு இல்லை

புது பைக் எடுத்த நம்ம பசங்க முதலில் கைவைப்பது சைலன்சரில். அடுத்தது ஹெட்லைட். அதற்கப்புறம் டேங்கில் ஸ்டிக்கர். உடம்புக்கும் ஏதாவது வாங்குவோமே என்று ஒருநாள் ஞானம் பிறந்தால் நேரே முதுகுக் கவசத்தில் போய் நிற்கிறார்கள். யூடியூபில் லடாக் போகிறவன் போட்டிருந்தானாம், அதனால் இவனுக்கும் வேண்டும். முழங்காலுக்கு வெறும் ஜீன்ஸ், கையில் கிளவுஸ் கிடையாது, காலில் பாட்டா செருப்பு. முதுகில் மட்டும் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கின பிளாஸ்டிக்.

முதுகுக் கவசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும் வரிசையில் அது பின்னால் வரவேண்டியது என்கிறேன். காரணம், நாம் விழுகிற விதம்.

நம்ம இலங்கை மலையகத்தில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஏறுகிற பாதையில் 100இல் போக நினைத்தாலும் ரோடு விடாது. வளைவுக்கு வளைவு முப்பது, நாற்பது. அந்த வேகத்தில் எதிரே வரும் பஸ்ஸை விடக் கீழே கிடக்கிற சாமான்தான் நம்மைச் சாய்க்கிறது. டர்பன்டைன் மரத்து ஈர இலை. வெயிலே படாத வளைவில் பிடித்த பாசி. மரக்கறி லொறி தோட்டத்திலிருந்து டயரில் இழுத்து வந்த சேறு. டேங்க் நிரம்பின பஸ் திருப்பத்தில் சிந்திவிட்டுப் போன டீசல். தோட்டத்துப் பாதை என்றால் தாரை விட்டுக் கழன்ற சல்லி. முன் டயர் நழுவினால் யோசிக்க நேரமில்லை, பக்கவாட்டில் சாய்கிறோம். கை தானாகவே தரையைத் தேடிப் போகும். உள்ளங்கை, முழங்கால், முழங்கை, தோள், இடுப்பெலும்பு என்று அடி விழும். நம்பாதவர்கள் ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் அறை வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். முழங்காலுக்குள் ஏறின சல்லியை நர்ஸ் சின்ன பிரஷால் தேய்த்துத் தேய்த்து எடுப்பார். கிண்ணத்தில் அது ஒவ்வொன்றாக விழும். பெரிய தைரியசாலியும் அந்த நேரம் அம்மாவைக் கூப்பிடுவான்.

மெதுவாகத்தானே போகிறோம், அடியும் மெதுவாகத்தான் இருக்கும் என்பது பாதி உண்மை. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் எதுவும் மணிக்குச் சுமார் 16 கிலோமீற்றர் வேகத்தில் தரையைத் தொடும். பைக் 30இல் போனாலும் 80இல் போனாலும் அந்த முதல் இடி ஏறக்குறைய ஒன்றுதான். வேகம் கூடக் கூட, அதற்குப் பிறகு ரோட்டில் தேய்வதும் எதிலாவது போய் மோதுவதும்தான் கூடுகிறது. கை, கால் கவசங்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1621-1 சோதிப்பதும் கிட்டத்தட்ட இந்த அளவைத்தான்: 5 கிலோ எடையை ஒரு மீற்றர் அளவு உயரத்திலிருந்து போட்டால் வரும் 50 ஜூல் இடி. கவசத்தைத் தாண்டி அடியில் போய்ச் சேரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் நின்றால் அது லெவல் 1. 20க்குள் நின்றால் லெவல் 2. முதுகுக்கு 1621-2 என்று தனித் தரநிலை, அதில் 18, 9 என்று எல்லை இன்னும் இறுக்கம். முழங்காலுக்கு லெவல் 2தான் என்று பிடிவாதமாக இருங்கள். முழங்கைக்கு, தோளுக்கு லெவல் 1 நன்றாகப் பொருந்தினால் அதுவே போதும் என்பது என் கட்சி.

இதை வைத்துக்கொண்டு சூரன் ஆகிவிடவும் கூடாது. ரோட்டோரக் கல்லுக் கட்டு, கிலோமீற்றர் கட்டை, பஸ்ஸின் முன்பக்கம் எல்லாம் இந்த 50 ஜூல் கணக்குக்குள் வராது. 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கன்பெராப் பக்கம் விபத்தில் சிக்கிய 212 பேரைப் பார்த்தது. கவசம் வைத்த உடை போட்டவர்களுக்குக் கை, கால் காயம் கணிசமாகக் குறைவு. கிளவுஸ் போட்டவர்கள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிவந்ததும் குறைவு. ஆனால் எலும்பு முறிவைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. அதைவிட என்னை உறுத்தியது வேறு: விபத்துக்குப் பிறகு பரிசோதிக்கப்பட்ட ஜக்கெட்டுகளில் பத்துக்கு மூன்று அளவுக்குக் கிழிந்தோ தையல் விட்டோ போயிருந்தன. அதுவும் பைக்குக்கு என்றே விற்ற ஜக்கெட்டுகள். அந்த ஊர்க் கடையிலேயே அப்படி என்றால் நம்ம ஊர்க் கடையில் என்ன தொங்கும் என்று யோசியுங்கள்.

தொங்குவதை நான் பார்த்தும் இருக்கிறேன். கண்டியில் ஒரு கடை, பெயர் வேண்டாம். ஜக்கெட்டில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர், 'சீ.ஈ.' என்று, அதாவது ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் குறி. “ஒரிஜினல் அண்ணே, சீ.ஈ. இருக்கு பாருங்க” என்றான் கடைப் பையன். முழங்கைப் பக்கத்து உள் பொக்கெட்டைத் திறந்து கவசத்தை வெளியே எடுத்தேன். ரெண்டு விரலால் அமுக்கினால் விரல் விரலைத் தொடுகிறது. பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சேதான், ஓரத்தை மட்டும் வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். அதில் ஓர் எழுத்து அச்சடித்திருக்கவில்லை. பையன் என்னைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்த்தான். பாவம், அவனா செய்தான்?

ஜக்கெட்டின் ஸ்டிக்கர் ஜக்கெட்டுக்கு, கவசத்தின் முத்திரை கவசத்துக்கு. ரெண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். நல்ல கவசத்தில் பைக் ஓட்டியின் சின்னப் படம், 1621-1 என்ற எண், லெவல் 1 அல்லது 2, தோளா முழங்கையா முழங்காலா என்று காட்டும் ஆங்கில எழுத்து எல்லாம் கவசத்தின் மேலேயே பதிந்திருக்கும். உடைக்கு ஈ.என். 17092 என்று வேறு தரநிலை. ஏஏஏ, ஏஏ, ஏ என்று உரசலைத் தாங்கும் அளவில் இறங்கிவரும். பி என்றால் உரசலுக்கு மட்டும், இடிக்குக் கவசம் கிடையாது. சி என்றால் தலைகீழ், கவசத்தைப் பிடித்து வைக்கிற வலைச் சட்டை மட்டும். அதைத் தனியாகப் போட்டுக்கொண்டு ரோட்டில் வழுக்கினால் வலை முதலில் போகும், பிறகு தோல். நம்ம பாதைக்கு ஏ போதும், ஏஏ கிடைத்தால் நல்லது. ரேஸ் ஓடுகிறவர்களின் தோல் சூட்டுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. வட்டவளை மழையில் அது ஒருதரம் நனைந்தால் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

இனி, கடைக்காரரும் சொல்லாத, வாங்குகிறவரும் கேட்காத விசயம்: கவசம் நகரக் கூடாது. கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்து “ஆ, பொருந்துது” என்று வாங்கி வருகிறோம். நாம் பைக்கில் நிற்கிறோமா? உட்கார்கிறோம். கடை வாசலில் உங்கள் பைக்கிலேயே ஏறி உட்காருங்கள், ஹேண்டிலைப் பிடியுங்கள். இப்போது முழங்கைக் கவசத்தைப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். எலும்பின் முனையை விட்டு விலகுகிறதா? அப்படியென்றால் விழுகிற நேரம் அது கைக்குப் பின்னால் போய் நிற்கும், முழங்கை தனியாக ரோட்டைச் சந்திக்கும். காற்சட்டை நேர்மாறு. நிற்கும்போது கவசம் கொஞ்சம் கீழே இறங்கின மாதிரித் தெரியும். உட்கார்ந்தால் மேலே ஏறி முழங்கால் சில்லையும் அதற்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேல் பாதியையும் மூட வேண்டும். தொளதொள என்று வாங்கி உள்ளே ரெண்டு ஸ்வெட்டர் போடுவது நம்ம ஊர்ப் பழக்கம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே போய் அளவு பாருங்கள், கைப்பட்டியை இழுத்துக் கட்டுகிற மாதிரி ஜக்கெட்டாகப் பாருங்கள்.

குளிர் வேறு ஒரு வில்லன். மெதுவாக அமுக்கினால் மெத்தென்று இருந்து, இடி விழுந்தால் இறுகிக்கொள்கிற வகைக் கவசம் இப்போது நிறைய வருகிறது. போட்டதே தெரியாது, அருமையான சாமான். ஆனால் மலிவான சிலது குளிரில் கட்டையாகிப் போகும். தை, மாசி விடியற்காலையில் நுவரெலியாவில் புல் மேல் வெள்ளையாகப் பனி உறைகிற நாட்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். குளிரிலும் சோதித்தது என்றால் முத்திரையில் 'டி' எழுத்தோடு கழித்தல் குறி இருக்கும். கழித்தல் 10 பாகை வரை பார்த்தது என்று அர்த்தம். கொழும்புக் கடையில் நிற்கும்போது இது ஞாபகம் வராது, நானுஓயாவில் வரும்.

கிளவுஸைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். விரல் விறைத்தால் பிரேக்கை எவ்வளவு அமுக்குகிறோம் என்று நமக்கே தெரியாது. ஈர வளைவில் முன் பிரேக்கைக் கூடுதலாகப் பிடித்தால் மீதிக் கதை மேலே சொன்னதுதான். ஆகவே கிளவுஸ் அடியையும் தடுக்கும், விழாமலும் காக்கும். உள்ளங்கை அடியில் வழுக்கும்படி ஒரு கெட்டித் துண்டு, மணிக்கட்டில் பட்டி, இந்த ரெண்டும் இருக்க வேண்டும். பட்டியைக் கட்டிக்கொண்டு விரல் நுனியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். (2022இல் பெற்றோல் இல்லாமல் தவித்த காலத்தில் பழகின பழக்கம், இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குவது, இன்னும் சிலரை விடவில்லை. இஞ்சின் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் சூடேறுகிறது. எந்தக் கவசம் போட்டு என்ன?)

ஹெல்மெட்டை நான் இந்த வரிசையிலேயே சேர்க்கவில்லை, அது சோறு மாதிரி. இலங்கைத் தரநிலையான எஸ்.எல்.எஸ். 517 முத்திரை பார்த்து, முகம் முழுதும் மூடுவதாக வாங்குங்கள். 2015இல் பொலிஸ் அதற்கே தடை போடப் பார்த்தது, நீதிமன்றம் வரை போன கதை. தாடை நம்முடையது, பொலிஸுடையதில்லை.

விழும்போது வாயு நிரம்பி உப்பி உடம்பைக் காக்கிற காற்றுப்பை ஜக்கெட் கேட்டு ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். மோட்டோ ஜீபீ என்கிற உலக பைக் ரேஸில் 2018 முதல் அது கட்டாயம், நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் நமக்குக் கட்டுப்படியாகிற வகை பைக்கோடு கயிறு போட்டுக் கட்டுவது. ஆள் பைக்கை விட்டுத் தூக்கி எறியப்பட்டால்தான் கயிறு இழுபட்டு வெடிக்கும். பைக்கோடு சேர்ந்து சாய்கிற நம்ம விழுகைக்கு வெடிக்காமலே போகலாம். ஒருமுறை வெடித்தால் வாயு சிலிண்டர் புதிதாகப் போட வேண்டும், ஹட்டனில் அதை எங்கே தேடுவது? முழங்கால், கிளவுஸ், ஜக்கெட், பூட்ஸ், முதுகு எல்லாம் ஆன பிறகு காசு மிஞ்சினால் பார்க்கலாம் தம்பி.

கடைசியாக, யாருக்காக இதை எழுதுகிறேன் என்பது. லீவுக்கு எல்ல ஊர்ப் பக்கம் ரைட் போகிறவர்களுக்கு மட்டும் இல்லை. மழையோ வெயிலோ தோட்டம் தோட்டமாக வசூலுக்குப் போகிற நிதி நிறுவனப் பையன்களுக்கும், ஸ்கூட்டரில் தோட்டப் பள்ளிக்குப் போகிற டீச்சர்மாருக்கும்தான். அந்தப் பையன்களில் ஒருவனுக்கு அவன் நிறுவனம் கொடுத்தது பெயர் அச்சடித்த டீ சேர்ட்டும் தொப்பியும். மாதத்துக்கு எத்தனை வீடு ஏறவேண்டும் என்ற கணக்கு மட்டும் மிகச் சரியாக இருக்கிறது. பட்டி போட்டுக் கட்டுகிற முழங்கால் கவசம் ஒரு சோடி வாங்கிக் கொடுத்தால் நிறுவனம் முழுகிப் போகாது.

டீச்சர்மார் தயங்குவது வேறு காரணத்துக்கு. முழங்காலில் கட்டிக்கொண்டு போனால் “என்ன டீச்சர், ரேஸுக்கா?” என்று கேட்பார்களாம். கேட்கட்டும். கொழுந்து எடுக்கப் போகிற அம்மா இடுப்பில் படங்கு கட்டாமல் தேயிலைக்குள் இறங்கியதுண்டா? தேயிலை வாது (கிளை) கிழிக்கும், ஈரம் ஏறும், அதனால் கட்டினாள். அவளை யாரும் சிரித்ததில்லை. சேலையைப் பையில் வைத்துக்கொண்டு, காற்சட்டையும் முழங்கால் கவசமுமாகப் போய்ப் பள்ளியில் மாற்றிக்கொள்கிற டீச்சர்மாரை எனக்குத் தெரியும். அவர்களுடைய பிரச்சினை சிரிப்பில்லை, சைஸ். கடையில் இருப்பதெல்லாம் ஆம்பிளை அளவு. பட்டியைக் கடைசி வரை இழுத்தாலும் கவசம் கணுக்காலுக்கு இறங்குகிறது, ஜக்கெட்டில் தோள் கவசம் பாதிக் கைக்கு வந்து நிற்கிறது. பெண்களுக்கான சின்ன சைஸ் வைத்திருக்கிற கடை கண்டியிலோ பண்டாரவளையிலோ யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். முத்திரையோடு இருக்க வேண்டும், ஸ்பொஞ்ச் வேண்டாம்.