ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

பெருமழை ஓய்ந்து நாலு நாள் ஆகியிருக்காது. அதற்குள் எங்கள் ஜியோகேச்சிங் ஆட்களிடையே துக்க விசாரிப்பு தொடங்கிவிடும். “என் பெட்டியை ஆறு கொண்டுபோய்விட்டது” என்பார் ஒருவர். “இயற்கை எடுத்துக்கொண்டது, என்ன செய்வது?” என்பார் இன்னொருவர். நானும் இப்படி இரண்டு முறை சொல்லி ஆறுதல் பெற்றவன்தான். மூன்றாவது முறை சொல்ல வெட்கமாக இருந்தது. ஆறு என் பெட்டியை எடுக்கவில்லை. நான்தான் ஆற்றுக்குள் வைத்திருக்கிறேன். கோடையில் அது கரையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: ஒருவர் ஒரு பெட்டியை எங்கேயாவது ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை ஜியோகேச்சிங்.காம் போன்ற தளத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். வளர்ந்தவர்கள் புதரைக் கிளறுவதற்கு ஒரு சாக்கு என்று என் வீட்டில் சொல்கிறார்கள். மறுக்க முடியவில்லை.

என் முதல் பெட்டியை ஓர் ஓடைக் கரையில், பெரிய மரம் ஒன்றின் வேர்களுக்கிடையே வைத்திருந்தேன். ராணுவத் தோட்டாப் பெட்டி. இரும்பு உடம்பு, மூடியில் ரப்பர் வளையம், கொக்கியை அழுத்தினால் காற்றுகூடப் புகாது. எங்கள் ஆட்களிடம் கேட்டால் இதற்கு மேல் ஒரு பெட்டி கிடையாது என்பார்கள். அந்தப் பெருமையில்தான் நானும் கணக்குப் போட மறந்தேன். பெரிய ரகத் தோட்டாப் பெட்டிக்குள் ஏறத்தாழ 7 லிட்டர் இடம் இருக்கிறது. காலிப் பெட்டியின் எடை இரண்டரை கிலோ சொச்சம். நோட்டு, பென்சில், மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் சில்லறைப் பொம்மைகள் எல்லாம் சேர்ந்தாலும் மூன்றரை கிலோவைத் தாண்டாது. காற்றை உள்ளே பூட்டிக்கொண்டு, தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரை விலக்கக்கூடிய ஒரு பொருள் வெள்ளத்தில் என்ன செய்யும்? படகாகிவிடும். நான் காவலுக்கு வைத்ததாக நினைத்தது ஒரு படகை.

ஐந்து வாரம் கழித்து ஒரு செய்தி வந்தது. ஓடையின் கீழ்ப்பக்கம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, நாணலுக்குள் ஓர் இரும்புப் பெட்டி கிடப்பதாக, இந்த விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். வெடிகுண்டோ என்று முதலில் பயந்தாராம். உள்ளே வைத்திருந்த அறிமுகச் சீட்டைப் படித்த பிறகுதான் மூச்சு வந்ததாம். போய் எடுத்துத் திறந்தேன். நோட்டு மொரமொரவென்று காய்ந்திருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. நல்ல பெட்டி என்பதால்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

இதிலிருந்து பாடம் கற்றேனா? இல்லை. இரண்டாவதாக, நான்கு பக்கமும் கொக்கி வைத்த பச்சை மூடி பிளாஸ்டிக் டப்பாவை அதே வேரில் நைலான் கயிற்றால் கட்டினேன். அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு கயிறு இருந்தது, கயிற்றின் நுனியில் ஒரு கொக்கி இருந்தது. டப்பா இல்லை.

மூன்றாவது, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பழைய தகர டப்பா. வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தால், அது வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. தண்ணீர் முதலிலேயே உள்ளே புகுந்து கனத்துவிட்டதால் மிதக்க வழியில்லை. திறக்க ஒரு கல்லால் தட்ட வேண்டியிருந்தது. உள்ளே விளிம்பு வரை வண்டல். நடுவில் நோட்டு ஊறி, உப்பி, பக்கங்கள் ஒட்டி ஒரே கட்டியாகிக் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் வைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தேன். மைப்பேனாவில் எழுதியவர்கள் அத்தனை பேரும் நீல மேகமாகிவிட்டார்கள். பென்சிலில் எழுதியவர்கள் அப்படியே இருந்தார்கள். ஏதோ ஒரு குழந்தை தன் பெயரை எழுதிப் பக்கத்தில் ஒரு தவளை வரைந்திருந்தது. தவளையின் கண்கூடத் தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து என் பெட்டிகளில் பேனா வைப்பதில்லை.

ஆக, நல்ல பெட்டி ஓடிவிடுகிறது, மட்டமான பெட்டி மூழ்கிச் சாகிறது. எந்தப் பெட்டி வாங்கலாம் என்று நாம் செய்யும் விவாதங்களில் பாதி இந்த இடத்தில் அர்த்தமிழந்துவிடுகிறது. பெட்டி இருக்கும் உயரம்தான் கேள்வி.

மண்ணைத் தோண்டிப் புதைத்தால் போகாதே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த விளையாட்டின் முதல் பெட்டி அப்படித்தான் இருந்தது. 2000 மே மாத ஆரம்பத்தில், பொதுமக்களின் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மே 3ஆம் தேதி டேவ் அல்மர் என்பவர் ஓரிகனில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். புத்தகங்கள், கவண், ஒரு டப்பா பீன்ஸ் எல்லாம் அதில் இருந்தன. அந்த பீன்ஸ் டப்பா பின்னாளில் கண்டெடுக்கப்பட்டு இன்றும் கண்காட்சிப் பொருளாக ஊர் சுற்றுகிறது. இந்த ஆட்டத்திலேயே நீண்ட ஆயுள் அந்த பீன்ஸுக்குத்தான். ஆனால் இன்றைய விதியில் நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது. மரத்தில் ஆணி அடிக்கவும் கூடாது. நல்ல விதி. அதன் விளைவு, நம் பெட்டிகள் எல்லாம் நிலத்தின் மேல், ஒரு வேரையோ கல்லையோ நம்பிக் கிடக்கின்றன.

அப்படியென்றால் அளப்பது எப்படி? கரையில் நின்று தண்ணீரைப் பார்க்காதீர்கள், மரக்கிளைகளைப் பாருங்கள். போன வெள்ளம் விட்டுச்சென்ற காய்ந்த புல், பிளாஸ்டிக் கிழிசல், சருகுக் கொத்து எல்லாம் கிளைகளின் மேல்பக்கமாக, ஏறத்தாழ ஒரே மட்டத்தில் தொங்கும். அதுதான் ஆறு எழுதி வைத்துவிட்டுப் போன கோடு. என் ஓடையில் அந்தக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. ஏழு வருடம் அதன் கீழேயே குனிந்து குனிந்து பெட்டி வைத்திருக்கிறேன். நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

அந்தக் கோடும் கடைசி வார்த்தை அல்ல. 2021 ஜூலையில் ஜெர்மனியில் ஆர் (Ahr) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அல்டெனார் என்ற இடத்தில் கருவி வைத்து அளக்கத் தொடங்கிய பிறகு பதிவான உச்சம் 2016இல் வந்த 3.71 மீட்டர்தான். 2021இல் தண்ணீர் அதையெல்லாம் தாண்டி ஏறி, அளவீட்டு நிலையத்தையே அடித்துச் சென்றுவிட்டது. அதே பள்ளத்தாக்கில் 1804இலும் 1910இலும் பெருவெள்ளங்கள் வந்திருக்கின்றன, கருவிக் கணக்கில்தான் அவை இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன இடத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசுவது கூசுகிறது. பேசக் காரணம், அந்த மாதிரி நாட்களிலும் “இன்று ஒன்றாவது தேடிவிட வேண்டும்” என்று கிளம்பும் ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தினமும் ஒரு பெட்டி என்று தொடர்ச்சியைக் காப்பாற்றும் வெறி அது. ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தால் போதும், வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் நகர்ந்துவிடும். பெட்டியைத் தேடப் போகலாம் என்று தளம் காட்டினால், யாராவது ஒருவர் அதை நம்பித் தண்ணீரில் கால் வைப்பார். எனக்கு இதுதான் உறுத்துகிறது. பெட்டி போனால் ஒரு டப்பாவோடு போகட்டும், நம் சோம்பலை நம்பி ஒருவர் இறங்கக் கூடாது.

எச்சரிக்கை வந்ததும் போய்ப் பெட்டியை எடுத்துவந்துவிட்டு, தளத்தில் தற்காலிகமாக முடக்கிவிட வேண்டும். பொத்தானை அழுத்த இரண்டு நிமிடம். போக முடியாவிட்டால் பொத்தானையாவது அழுத்தலாம். சுமார் நான்கு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதற்கு மேல் ஆகும் என்றால் காரணத்தை எழுதி வைத்தால், பெட்டிகளைச் சரிபார்க்கும் தளத்தின் மதிப்பாய்வாளர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள், அவர்களும் தன்னார்வலர்கள்தான். நிரந்தரமாக மூடிவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். பக்கத்தை மூடிவிட்டுப் பெட்டியை எடுக்காமல் விட்டால் அதற்குப் பெயர் குப்பை. 2002 முதல் ‘வரும்போது குப்பையை எடுத்துக்கொண்டு வா’ என்று இயக்கம் நடத்துகிற கூட்டம் நாம்.

இன்னொரு வகை ஆட்களையும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு போவார்கள், பெட்டி இருக்காது. ‘கிடைக்கவில்லை’ என்று எழுத மனம் வராது. சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய ஃபிலிம் டப்பாவை எடுத்து, ஒரு சீட்டைப் போட்டு வைத்துவிட்டு, ‘கண்டேன்’ என்று பதிவு செய்துவிடுவார்கள். உதவி செய்ததாகவும் நினைப்பு. என் இரண்டாவது டப்பா போன பிறகு அப்படி ஒன்று முளைத்தது. பெட்டி போனது எனக்கே தெரியாமல், வரிசையாக ஆறு பேர் ‘கண்டேன்’ எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு நேர்மையான ‘கிடைக்கவில்லை’ வந்திருந்தால் அன்றே கிளம்பியிருப்பேன்.

காற்று, தீ, பனி எல்லாவற்றிலும் பெட்டிகள் போகின்றன. புயலில் மரமே சாய்ந்தால், தேடுபவர்களுக்காக வைத்தவர் தளத்தில் எழுதிய துப்புக் குறிப்பும் பெட்டியோடு செத்துப்போகிறது. குறிப்பைப் பதின்மூன்று எழுத்து தள்ளிப் படிக்கும் மறைமொழியில் தளம் காட்டும். அந்த வித்தை ரோமன் எழுத்துகளுக்கு மட்டும்தான், தமிழில் எழுதினால் பச்சையாகத் தெரியும். கஷ்டப்பட்டு விடுவித்துப் படித்தால் ‘இரட்டை மரத்தின் அடியில்’ என்றிருக்கும். மரம் எங்கே?

ஆற்றங்கரைப் பெட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீரோரம்தான் அழகு, அதில் சண்டையில்லை. ஆனால் ஆளைக் கரைக்கு வரவழைக்கப் பெட்டி கரையில் இருக்க வேண்டியதில்லை. பாலத்துக் கல்வெட்டில் இருக்கும் ஆண்டையோ, படித்துறையின் படிகளையோ எண்ணச் சொல்லி, அந்த எண்களிலிருந்து மேட்டில் இருக்கும் பெட்டியின் இடத்தைக் கண்டுபிடிக்கச் செய்யலாம். வெளியிட்ட இடத்திலேயே பெட்டி இருக்கும் சாதாரண வகை என்றால், உரிமையாளரே இடக்குறிப்பை 161 மீட்டர் வரை மாற்றிக்கொள்ளத் தளம் அனுமதிக்கிறது. 161 மீட்டரில் ஒரு மேடு அகப்படாத கரை அபூர்வம்.

நான் மாற்றியது 90 மீட்டர். மேடு ஏற வேண்டியிருப்பதால் போய்ச் சேரும் சிரமத்துக்குத் தளத்தில் தரும் ‘நிலக் கடினம்’ என்ற மதிப்பெண் ஒன்றரையிலிருந்து இரண்டரை ஆகிவிட்டது. முட்டி வலிக்கிறது என்று ஏற்கெனவே இரண்டு புகார். தோட்டாப் பெட்டியையே மறுபடி வைத்திருக்கிறேன், நாணலுக்குள் கிடந்ததே, அதையேதான்.

பச்சை மூடி டப்பா மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு பக்கக் கொக்கி இருக்காது. எங்காவது கரை ஒதுங்கியிருப்பதைப் பார்த்தால் எனக்குத் தகவல் சொல்ல வேண்டாம், ‘கண்டேன்’ என்று பதிவும் வேண்டாம். எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.