மந்திரத்தில் மாங்காய் விழட்டும், மரம் யாருடையது?

நேற்று என் கதைக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "மந்திரம் இருக்கிற ஊர்ல ஒருத்தி எதுக்குத் துணி துவைச்சுப் பொழைக்கணும்? லாஜிக்கே இல்லையே!" கூடவே மூன்று சிரிப்பு எமோஜி. அதற்கு நாற்பத்துச் சொச்சம் லைக். சிரித்து முடித்தாயிற்றா? இப்போது நான் பேசலாமா?

மந்திரம் இருக்கிறது, சரி. யாரிடம் இருக்கிறது? மந்திரத்தில் மாங்காய் விழுமா என்பார்கள். விழும் என்றே வைத்துக்கொள்வோம். மரம் யாருடையது? பொறுக்குகிறவள் தன் வீட்டுக்கு எத்தனை எடுத்துப் போகலாம்?

என் கதையில் வரும் மந்திரவாதி தன் அங்கியை ஒரே சொல்லில் வெளுத்துக்கொள்ளலாம். செய்ய மாட்டான். அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் சக்தி கரையும். துணி துவைக்கிற அவள் கை அதைவிட மலிவு. இதில் எங்கே ஐயா லாஜிக் இடிக்கிறது?

வேலையைக் குறைக்கும் பொருள் வந்தால் வேலை செய்கிறவர் பாடும் குறையும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு நிஜக் கதை. 1793இல் அமெரிக்காவில் எலி விட்னி, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்க ஒரு எந்திரம் செய்தார். நாளெல்லாம் உட்கார்ந்து விரலால் பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது மந்திரம்தான். அடிமைகளுக்கு விடிந்ததா? பருத்தியில் லாபம் கொட்டியது, பருத்திக்காடு பெருகியது, பறிக்க ஆள் போதவில்லை. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 40 லட்சத்தை நெருங்கினார்கள். எந்திரம் யார் கையில் இருந்தது? தோட்ட முதலாளி கையில். என் கதையிலும் அதேதான்.

"அது காசு கொடுத்து வாங்குறது. மந்திரம் பிறவியிலேயே வருமே" என்று இன்னொருவர். பிறவியிலேயே வருமாம்! பிறப்பை வைத்து மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கவா? மந்திரக் குடும்பம் மந்திரக் குடும்பத்தில்தான் சம்பந்தம் வைத்துக்கொள்ளும். நாலு தலைமுறை போனால் அதற்கொரு புராணமும் எழுதிவிடுவார்கள்.

"எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தால்?" நியாயமான கேள்வி. அப்படியொரு கதையை நீங்கள் எழுதுங்கள், முதல் ஆளாக வாசிக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வருகிறது. நான் படித்த பள்ளியில் ஒரே ஒரு கணினி. அதற்குத் தனி அறை, நீலத் துணியில் தைத்த உறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தனிக் கட்டணம் கட்டியவர்கள் உள்ளே. நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே. அறையைப் பெருக்குவது மட்டும் எங்கள் முறை. ஒருநாள் பெருக்கும்போது உறையைத் தூக்கி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினேன். கரண்ட்கூட இல்லை. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்கு மதியம் வரை முட்டி போட்டேன்.

இதையெல்லாம் சொன்னால் "கற்பனைக் கதையில் எதுக்கு அரசியல்" என்பீர்கள். ராஜா, இளவரசன், அரண்மனைச் சதி என்று எழுதினால் மட்டும் அது அரசியல் இல்லை, இல்லையா?

முகம் தெரியாதவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. லைக் போட்டவர்களில் நாலு பேர் இதே கதையைக் கைப்பிரதியில் வாசித்து "அருமை" என்று சொன்னவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் பாகம் ஞாயிற்றுக்கிழமை. அதிலும் அவள் துவைத்துக்கொண்டுதான் இருப்பாள்.