எங்க ஊர் பேர் ஓட்டி

போன வாரம் ஒரு பார்சல் வரவேண்டி இருந்தது. அட்ரஸில் 'கடலூர் முதுநகர்' என்று சுத்தமாகத்தான் எழுதியிருந்தேன். கூரியர் தம்பி செம்மண்டலத்தில் நின்றுகொண்டு போன் போடுகிறான்.

"அண்ணே, முதுநகர்னா எந்தப் பக்கம்?"

"ஓட்டிப்பா."

"அட, ஓட்டின்னு போட்டிருக்கலாம்ல!"

அவன் மேல் தப்பில்லை. ஓ.டி. என்றால் ஓல்டு டவுன், என்.டி. என்றால் நியூ டவுன். ஆனால் இங்கே யாரும் புள்ளி வைத்துப் பேசுவதில்லை. கண்டக்டர் வாயில் அது "ஓட்டி ஓட்டி ஓட்டி"தான். என்.டி. அந்த அளவுக்கு வாயில் ஒட்டவில்லை. மஞ்சக்குப்பம் போறேன், திருப்பாபுலியூர் போறேன் என்போம். 'புதுநகர் போறேன்' என்று சொன்ன ஒருத்தரை நான் பார்த்ததில்லை. பேப்பரில் மட்டும் வரும்: 'கடலூர் புதுநகர் போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.' திருட்டு நடந்தால்தான் மஞ்சக்குப்பம் புதுநகர் ஆகும்.

சரி, இதில் எது பழசு, எது புதுசு? நியூ டவுன் கணக்கில் வரும் திருப்பாதிரிப்புலியூர் 7-ஆம் நூற்றாண்டில் அப்பர் பாடிய ஊர். 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' அங்கே பாடினதுதான். கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் அவர் கரையேறினதாகச் சொல்லும் இடத்துக்கு இன்றைக்கும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பேர். அதற்கு ஆயிரம் வருஷம் கழித்து, 1690-ல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்கே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் வாங்குகிறான். பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் அவனுக்குச் சொந்தம் என்று பேச்சு. ஓல்டு, நியூ எல்லாம் அந்த வெள்ளைக்காரக் கணக்கு. அதையே மொழிபெயர்த்து 'முதுநகர்' என்று எழுதிவிட்டால் தமிழ்ப் பேர் ஆகிவிடுமா? என்னைக் கேட்டால் ஓட்டிதான் அதைவிடத் தமிழ். சனங்கள் வாயில் தேய்ந்து வந்த சொல்.

திருப்பாபுலியூர் என்கிறோமே, 'பாதிரி'யை முழுங்கிவிட்டோமே என்று வருத்தப்படும் பெரியவர்கள் உண்டு. முழுப் பேரைப் பலகையில் படித்த வெளியூர் நண்பர் ஒருத்தர், "எந்தப் பாதிரியார்?" என்று கேட்டார். பாதிரி மரம்யா, பாடலீஸ்வரர் கோயில் தலமரம்! அந்தக் கேள்விக்குச் சுருக்கிச் சொல்வதே மேல்.

ரயிலில் வந்தால் ஓட்டிக்கு இன்னொரு பேர், 'கடலூர் துறைமுகம் சந்திப்பு'. போன மாசம் எதிர் சீட்டில் ஒரு பாட்டி. ஜன்னல் வழியே அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார். திரும்பி, மடியில் தூங்கிய பேரனைத் தட்டினார்.

"எழுந்திருடா, ஓட்டி வந்துடுச்சி."