அட்டையில் 'கெல்டிக்' என்று இருந்தால் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்

நான் செப்டம்பர்க்காரன் என்பதால் என் மரம் திராட்சைக் கொடியாம். கொடியை எப்படி மரம் என்று சொல்வது என்றெல்லாம் அப்போது கேட்கவில்லை. அப்படிச் சொன்ன புத்தகத்துக்குப் பச்சை அட்டை, பின்னல் கோலம், தங்க எழுத்து, விலை ஆயிரத்து முந்நூறு ரூபாய், உள்ளே முழுக்க 'பண்டைய கெல்ட் மக்களின் ஞானம்', அதாவது ஒரு காலத்தில் அயர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் பக்கம் வாழ்ந்தவர்களின் ஞானம். அவர்கள் ஆண்டை 13 மாதங்களாகப் பிரித்து மாதத்துக்கு ஒரு மரம் வைத்திருந்தார்கள், எந்த மரத்தின் மாதத்தில் பிறக்கிறோமோ அந்த மரத்தின் குணம் நமக்கு வரும் என்று எழுதியிருந்தது. எனக்கு நல்ல ரசனை உண்டு, முடிவெடுக்கத்தான் தடுமாறுவேன் என்றும் போட்டிருந்தது, அட, சரியாகத்தானே இருக்கிறது! அலுவலகத்தில் ஒருவர் விடாமல் பிறந்த தேதி கேட்டு மரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறேழு மாதம் கழித்துதான், மழையும் குளிருமாகக் கிடக்கிற அயர்லாந்தில் திராட்சை எங்கே விளைந்தது என்று ஒரு நாள் தோன்றியது. தேடிப் பார்த்தால், அந்த மர நாட்காட்டி ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1948இல் வெளியிட்ட 'த வைட் காடஸ்' புத்தகத்தில் அவராகக் கட்டியது. ஓகம் என்று ஒரு பழைய எழுத்து அயர்லாந்தில் இருந்தது உண்மை, கல் விளிம்பில் கோடு கோடாகக் கீறுவார்கள், பெரும்பாலும் ஆட்களின் பெயர்தான் இருக்கும். அந்த எழுத்துகளுக்கு இடைக்கால அறிஞர்கள் மரப் பெயர் சொன்னதும் உண்மை. மாதக்கணக்கு கிரேவ்ஸின் கைச்சரக்கு, அதன் மேல் ராசிபலனை ஏற்றியவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

நேற்று ஒரு தம்பி உள்பெட்டியில் வந்து, "அண்ணா, கெல்டிக் புராணம் படிக்க ஆசை, எந்தப் புத்தகம் வாங்கலாம்" என்று கேட்டு, கூடவே ஒரு அட்டைப் படமும் அனுப்பியிருந்தான். பச்சை, பின்னல் கோலம், தங்க எழுத்து. அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இது, நீண்டுவிட்டதால் இங்கே போடுகிறேன்.

முதலில் இந்த 'கெல்டிக்' என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகப்படு தம்பி. (கிளாஸ்கோ கால்பந்து அணி மாதிரி சில விளையாட்டு அணிகளின் பெயர் 'செல்டிக்', மற்ற இடங்களில் பெரும்பாலும் 'கெல்டிக்' என்றுதான் சொல்கிறார்கள்.) பண்டைய கெல்ட் மக்கள் தங்கள் கதை எதையும் எழுதி வைக்கவில்லை. சீசர் சொல்வதைப் பார்த்தால், 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டில் இருந்த துரூயிதுகள் என்ற கெல்ட் பூசாரிகள் செய்யுள்களை மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள், சிலர் இருபது ஆண்டுகூட அந்தப் படிப்பிலேயே இருந்தார்கள், அவற்றை எழுத்தில் வைப்பது தகாது என்று நினைத்தார்கள். அவர்களோடு அது போய்விட்டது. இன்று நம் கையில் இருப்பவை இடைக்காலத்தில் அயர்லாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்தவர்கள், அதிலும் பாதிக்கு மேல் மடத்தில் படித்தவர்கள், தோலில் எழுதிவைத்த கதைகள். அதனால் ஐரிஷ் கதை என்றோ வேல்ஸ் கதை என்றோ அட்டையிலேயே சொல்கிற புத்தகத்தை எடு. இரண்டையும் போட்டுக் கலக்கி, நடுவில் கொஞ்சம் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தையும் தூவி, 'கெல்ட் மக்கள் நம்பினார்கள்' என்று நூற்றாண்டே சொல்லாமல் எழுதுகிற புத்தகம் என்றால், எனக்கு வாய்த்த மாதிரி ஒரு திராட்சைக் கொடிதான் மிஞ்சும்.

அந்த எழுத்தர்களே தாங்கள் எழுதியதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு இடம் இருக்கிறது, எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் மிகப் பிடித்த இடம் அதுதான். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 'லென்ஸ்டர் புத்தகம்' என்ற 12ஆம் நூற்றாண்டுச் சுவடி இருக்கிறது. அதில் 'டாய்ன்' என்ற பெருங்கதை முடிகிற இடத்தில் ஐரிஷ் மொழியில் ஒரு வாழ்த்து: இதில் உள்ளபடியே, வேறு எதையும் சேர்க்காமல் மனப்பாடம் செய்கிறவருக்கு ஆசி உண்டாகட்டும் என்று. நம் நூற்பயன் மாதிரி. அதற்குக் கீழேயே லத்தீனில் இன்னொரு குறிப்பு, கிட்டத்தட்ட இப்படி: இந்த வரலாற்றை, வரலாறு என்றுகூடச் சொல்ல முடியாது கட்டுக்கதையை, எழுதிய நான் இதில் உள்ள பலவற்றை நம்பவில்லை, சில பேய்களின் ஏமாற்று, சில கவிஞர்களின் கற்பனை, சில நடந்திருக்கலாம், சில நடந்திருக்கவே முடியாது, சில முட்டாள்கள் மகிழ்வதற்கு. ஒரே கதையின் முடிவில், ஊர் மொழியில் பக்தி, படித்தவர் மொழியில் அவநம்பிக்கை! ரசித்து ரசித்து எழுதிவிட்டு, மேலே இருப்பவர் பார்த்தால் என்ன ஆவது என்று கையைக் கழுவிக்கொள்கிற இந்த மனிதனை உனக்கு அறிமுகப்படுத்துகிற புத்தகம் நல்ல புத்தகம். அவனை மறைத்துவிட்டு 'ஆதி ஞானம்' என்று விற்கிற புத்தகத்தில் கதையே பாதிதான் இருக்கும்.

சரி, அந்த டாய்ன். முழுப் பெயர் 'டாய்ன் போ கூல்ன்யா', கூலி என்ற பகுதியின் ஆநிரை கவர்தல். வெட்சித் திணை படித்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம், ஆனால் இங்கே சண்டை ஒரே ஒரு காளைக்காக. அயர்லாந்தின் மேற்கே உள்ள கொனாக்ட் நாட்டின் அரசி மேவும் கணவன் அலிலும் படுக்கையில் படுத்தபடி யாருடைய சொத்து அதிகம் என்று கணக்குப் பார்க்கிறார்கள், வாளி அண்டாவிலிருந்து ஆடு மாடு வரை எல்லாம் சமம். ஒரு வெள்ளைக் கொம்புக் காளை மட்டும் அவன் பக்கம் கூடுதல், அதுவும் இவள் பசு ஈன்றதுதான், ஒரு பெண்ணின் மந்தையில் இருக்க மாட்டேன் என்று அவன் மந்தைக்குப் போய்விட்டதாம். அதற்கு ஈடான பழுப்புக் காளை வடக்கே அல்ஸ்டர் நாட்டில் இருக்கிறது என்று தெரிந்து ஒரு வருடத்துக்கு இரவல் கேட்டு ஆள் அனுப்புகிறாள். காளைக்காரன் சம்மதித்தும் விடுகிறான். போன தூதர்கள் குடித்துவிட்டு, தராவிட்டால் பிடுங்கியிருப்போம் என்று உளறியது அவன் காதுக்குப் போகிறது, அதற்குப் பிறகு போர். எதிர்த்து நிற்பவன் கூ குலின் என்ற பையன். ஏழு வயதில் அவன் வெறியோடு ஊர் திரும்பும்போது தடுக்க வழி தெரியாமல் அரசி தலைமையில் பெண்கள் மார்பைத் திறந்துகொண்டு எதிரே வர, அவன் வெட்கப்பட்டு முகத்தை மறைக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். முதல் தொட்டி வெடித்துச் சிதறுகிறது, இரண்டாவது கொதிக்கிறது, மூன்றாவது வெதுவெதுப்பாகிறது.

இதை எந்த மொழிபெயர்ப்பில் படிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லேடி கிரிகரி 1902இல் கூ குலின் கதைகளைத் தொகுத்து எழுதினார், அழகான நடை, அவர் ஊர்ப்பக்கத்து ஆங்கிலம். கில்டார்ட்டன் மக்களுக்கு எழுதிய சமர்ப்பணத்திலேயே, உங்களுக்குப் பிடிக்காது என்று பட்டதை நிறைய விட்டுவிட்டேன் என்று அவரே சொல்லிவிடுகிறார். அந்த நேர்மைக்காகவே அவரைப் பிடிக்கும், ஆனாலும் முதல் புத்தகமாகத் தர மாட்டேன். தாமஸ் கின்செல்லா என்ற கவிஞர் 1969இல் செய்த 'த டாய்ன்' மொழிபெயர்ப்பை வாங்கு. மார்பும் தொட்டியும் மாதவிலக்கு ரத்தமும் வசைச்சொல்லும் எல்லாம் இருக்கும், லூயி லெ ப்ரோக்கியின் கறுப்பு மைத் தூரிகைப் படங்களும் சேர்ந்தது. எந்தச் சுவடியிலிருந்து எதை எடுத்தேன், படுக்கைப் பேச்சை மட்டும் லென்ஸ்டர் புத்தகத்திலிருந்து ஏன் சேர்த்தேன் என்று குறிப்புப் பகுதியில் கணக்குக் கொடுத்திருப்பார். கியரன் கார்சன் 2007இல் செய்ததும் இருக்கிறது, அதுவும் நல்லதுதான், எனக்கு என்னவோ கின்செல்லாவின் வறண்ட குரல்தான் ஒட்டிக்கொண்டது. டாய்ன் பெரிதாக மலைப்பாக இருந்தால் ஜெஃப்ரி கேன்ட்ஸ் பெங்குவினுக்குச் செய்த சின்னத் தொகுப்பு போதும், ஒவ்வொரு கதைக்கும் முன்னால் எந்தச் சுவடி, என்ன சிக்கல் என்று ஒரு பக்கம்.

பெயர்களைப் பார்த்துப் பயப்படாதே. ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஒன்றும், வாயில் வந்தால் ஒன்றுமாக இருக்கும். மேவ் என்று படிக்க வேண்டியதை 'மெட்ப்' என்றும், சௌவின் பண்டிகையை 'சாம்ஹெய்ன்' என்றும் ஒரு வருடம் படித்தவன் நான். நல்ல புத்தகத்தில் உச்சரிப்புக் குறிப்பு இருக்கும், இல்லாவிட்டால் அதுவும் ஒரு அடையாளம்தான்.

இதில் நம்ம ஊர் சம்பந்தம் ஒன்று உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழைய ஐரிஷ் நூல்களைப் பதிப்பித்தவர்களில் பெரிய கை விட்லி ஸ்டோக்ஸ். அவர் 1862இல் மதராஸுக்கு வக்கீலாக வந்தவர், பிறகு கல்கத்தா போனார், வைஸ்ராய் சபையில் சட்ட உறுப்பினர் ஆனார். பகலில் இந்தியாவுக்குச் சட்டம் எழுதிக்கொண்டே ஐரிஷ் சுவடிகளைப் பதிப்பித்தார், கெல்டிக் புத்தகங்கள் சிலவற்றை அவர் இங்கேயே அச்சிட்டார். அயர்லாந்துச் சுவடியின் மெய்ப்பைப் புழுக்கத்தில் விசிறி ஆட உட்கார்ந்து திருத்திய ஆளை நினைத்தால் எனக்கு சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும்.

வேல்ஸ் பக்கம் போனால் 'மாபினோகியன்' என்ற இடைக்காலக் கதைத் தொகுப்பு. அந்தப் பெயரே ஒரு எழுத்தரின் கைப்பிழையில் பிறந்த பன்மை என்கிறார்கள், லேடி சார்லட் கெஸ்ட் 1838க்கும் 1849க்கும் இடையில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது அதுவே நிலைத்துவிட்டது. பத்துப் பிள்ளை பெற்று வளர்த்த காலத்தில் வேல்ஷ் கற்றுக்கொண்டு செய்த வேலை, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் விக்டோரியா காலத்துப் பெண்மணி, சில இடங்களில் திரையைப் போட்டுவிடுவார். உரிமைக்காலம் முடிந்த புத்தகம் என்பதால் யார் வேண்டுமானாலும் புது அட்டை போட்டு விற்கிறார்கள், கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: பொருளடக்கத்தில் கதைகளை எண்ணு. கடைசியில் 'டாலியெசின்' சேர்ந்து 12 இருந்தால் கெஸ்ட். இப்போதைய பதிப்புகளில் 11தான், டாலியெசின் கதை மற்றக் கதைகள் உள்ள இடைக்காலச் சுவடிகளில் இல்லை. கெஸ்டை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், காசு கொடுப்பதாக இருந்தால் சியோனெட் டேவிஸ் 2007இல் செய்ததற்குக் கொடு. வாயால் சொல்லப்பட்ட கதை என்பதைக் காதில் விழும்படி எழுதியிருக்கிறார்.

துரூயித் மந்திரம், துரூயித் பிரார்த்தனை என்று எங்காவது பார்த்தால் அதன் பின்னால் அநேகமாக எட்வர்ட் வில்லியம்ஸ் இருப்பார். புனைபெயர் யோலோ மோர்கனக். கல்கொத்தனார், கவிஞர், நன்றாகவே சுவடி படித்தவர், அபின் சாறும் நிறையச் சாப்பிட்டவர். இல்லாத பழைய ஆவணங்களை எழுதியே உண்டாக்கினார். 1792இல் லண்டன் ப்ரிம்ரோஸ் குன்றில் சின்னக் கற்களை வட்டமாக வைத்துப் புலவர் சடங்கு நடத்தினார், அந்தச் சடங்கு இன்றைக்கும் வேல்ஸ் மக்களின் ஐஸ்டெத்வொட் விழாவில் நடக்கிறது. பொய்யில் முளைத்தது என்று தெரிந்தும் விடவில்லை, இருநூறு வருடமாகச் செய்தால் அது அவர்களுடையதுதானே.

இங்கேதான் ஒரு நண்பர் எப்போதும் குறுக்கே வருவார்: கதை நன்றாக இருந்தால் போதாதா, உனக்கென்ன ஆதார அட்டை வேண்டிக்கிடக்கு என்று. நான் போலிக்கு எதிரி கிடையாது. ஜேம்ஸ் மேக்பெர்சன் 1760களில் ஓசியன் என்ற பழங்காலக் கவிஞனின் காவியத்தைக் கண்டெடுத்ததாகச் சொல்லி வெளியிட்டார், நெப்போலியன் அதில் சொக்கிப்போனார், சாமுவேல் ஜான்சன் பொய் என்று அடித்துச் சொன்னார். உள்ளே ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் இருந்த உண்மையான பாடல் துணுக்குகள் கொஞ்சம் உண்டு, காவியம் அவர் கட்டியது. நானும் படித்தேன், மூடுபனியும் துக்கமுமாகச் சில பக்கங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. அதை 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரர் எழுதியதாக நினைத்துப் படிக்கும்போது இன்னும் நன்றாக இருக்கிறது என்பதுதான் என் கட்சி. யார் செய்தது என்று தெரிந்தால் செய்தவரின் சாமர்த்தியமும் தெரியும்.

நாட்டுப்புறக் கதை என்றால் எனக்கு ஒரே அளவுகோல், சொன்னவர் பெயர் இருக்கிறதா. ஜான் ஃபிரான்சிஸ் கேம்பல் 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதியாக ஸ்காட்லாந்து மேற்கு மலைப்பகுதிக் கதைகளை வெளியிட்டபோது, கேலிக் மூலமும் ஆங்கிலமும் கொடுத்து, சொன்னவர் யார், எந்த ஊர், என்ன தொழில் என்றும் எழுதினார். மீனவர், குடியானவர், ஊர் ஊராகப் போகும் தகரக்காரர், எல்லாரும் பெயரோடு இருக்கிறார்கள். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளை வைத்து வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு நோட்டில் எழுதி வரச் சொன்னார்கள், 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கம் அளவுக்குச் சேர்ந்தது. 'டூகஸ்' இணையதளத்தில் அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தே பார்க்கக் கிடைக்கிறது. பாட்டி சொன்ன பேய்க்கதை, மருவுக்கு வைத்தியம், ஊர்க் கிணற்றுக்கு ஏன் அந்தப் பெயர். காசு செலவழிக்கும் முன் ஒரு ராத்திரி அங்கே உலாவிப் பார், இந்தப் பச்சை அட்டைகள் எல்லாம் தண்ணியாகத் தெரியும்.

குட்டித் தேவதை, சிறகு, பூ என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே. 1895இல் டிப்பரேரியில் பிரிஜெட் கிளியரி என்ற இளம்பெண்ணை, இவள் என் மனைவி இல்லை, தேவதைக் கூட்டம் அவளைத் தூக்கிப்போய் மாற்றி வைத்தது என்று சொல்லிக் கணவனே எரித்தான். ஆஞ்செலா பர்க் அதை 1999இல் புத்தகமாக எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு 'மாற்றுக் குழந்தை' கதை எதையும் என்னால் சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை.

வீட்டில் பிள்ளைகளுக்கு என்றால் ஜோசப் ஜேகப்ஸ் 1892இல் போட்ட தொகுப்பு, அதுவும் இலவசம். மாற்றித்தான் எழுதினார், ஆனால் எங்கிருந்து எடுத்தேன் என்று கடைசியில் கதைக்குக் கதை குறிப்பு வைத்தார். தெய்வங்கள் எல்லாம் எப்படி இந்த உருவத்துக்கு வந்தன என்று குடைய ஆசை வந்தால் மார்க் வில்லியம்ஸ் 2016இல் எழுதிய 'அயர்லாண்ட்ஸ் இம்மார்ட்டல்ஸ்', கனமான புத்தகம், கூடவே நக்கலும் உண்டு, அவசரமில்லை. பெயர் தேட ஜேம்ஸ் மெக்கிலப்பின் அகராதி. ரோல்ஸ்டன் 1911இல் எழுதிய கெல்டிக் புராணப் புத்தகம் இன்றும் புதுப்புது அட்டையில் வருகிறது, பதிப்பு ஆண்டை நம்பி ஏமாறாமல் முன்னுரையின் கீழே என்ன வருடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்.

தம்பி, நீ அனுப்பிய படத்தில் இருப்பதை வாங்கிவிட்டாய் என்றால் பரவாயில்லை, என்னுடையதும் அலமாரியில்தான் இருக்கிறது, அட்டை அழகு. என் கின்செல்லாவை மட்டும் இரவல் கேட்காதே. போன வருடம் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், இன்னும் வரவில்லை. ஒரு வருடத்துக்கு இரவல் என்றுதான் அவரும் கேட்டார்.