"கார்ட்டூன்தானே" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

"கார்ட்டூன்தானே, பார்த்தா பார்த்துட்டுப் போகுது!" தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாரிடம் கேட்டாலும் இதே பதில். மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, கேபிள் காசு வாங்க வரும் அண்ணன், எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். பொம்மை பேசினாலே அது குழந்தைக்கானது என்று யார் முடிவு செய்தது? ஷின்-சான் என்ற கார்ட்டூன் 1990-இல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் வார இதழில்தான் படக்கதையாகத் தொடங்கியது. இங்கே நாலு வயசுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள்.

சினிமாவுக்குச் சான்றிதழ் உண்டு. ஓடிடிக்கு 2021 விதிகளின்படி 7+, 13+, 16+ என்று வயதுக் குறி உண்டு. கேபிளில் ஓடும் கார்ட்டூனின் மூலையில் சேனல் பெயர் மட்டும்தான் இருக்கிறது. குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஆகாததைப் போடக்கூடாது என்று 1994 கேபிள் விதியே சொல்கிறது. சரி, ஆகுமா ஆகாதா என்று உட்கார்ந்து பார்ப்பது யார்? நான்தான். எப்போது பார்ப்பது? தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போதா, உலை கொதிக்கும்போதா?

அடிதடி என்றால்கூடச் சட்டென்று தெரிந்துவிடும். தமிழ் டப்பிங்கில் வரும் பேச்சு இருக்கிறதே! ஒரு தொடரில் பொடியன் பெரியவர்களை வாய்க்கு வந்தபடி பேசுகிறான், பின்னணியில் சிரிப்புச் சத்தம். மறுநாள் சோறு ஊட்டும்போது என் மகள் அதே குரலில், அதே இழுவையோடு, பாட்டியைப் பார்த்து "போ கிழவி" என்கிறாள். வீடே சிரிக்கிறது. கண்டித்தால் நான் கொடுமைக்காரி. ரிமோட்டைப் பிடுங்கினால் அழுகை. உடனே பாட்டியே திரும்பப் போட்டுவிடுகிறார். கிழவி என்று பேச்சு வாங்கியதே அவர்தானே!