அளக்காமலே ஒரு தீர்ப்பு

ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதிய எங்கள் அலுவலக நிரலுக்கு ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், போதவில்லை என்று பேசிய செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் பற்றி ஏற்கெனவே இங்கே புலம்பித் தீர்த்துவிட்டேன். பெங்களூரு நண்பர்களுக்கு முழுக் கதையும் தெரியும். "ஆர் மொழி என்றாலே ரேமைத் தின்னும், பெரிய சர்வர் எடுங்கள்" என்று அங்கே ஒருவர் சொன்ன தீர்ப்புதான் இன்னும் ஆறவில்லை. சொன்னவர் ஒருமுறையாவது அளந்து பார்த்தாரா? ஒரு தசம எண்ணுக்கு 8 பைட், 10 கோடி எண்களுக்கு 800 எம்பி. எங்கள் தரவு அதில் பாதிகூட இல்லை.

அளந்தவள் நான். நிரல் ஓடும்போதே அதை அளக்கும் ஆர்ப்ரோஃப் (Rprof) கட்டளையில் நினைவகக் கணக்கையும் சேர்த்து ஓட்டினால், நிரலின் எந்த ஃபங்ஷன் (தனி வேலைக்கான பகுதி) ரேமைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மொழியோடு இலவசமாக வரும் வசதி அது. லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், சுற்றுக்கொரு ஆர்பைண்ட் (rbind, வரிசைகளை ஒட்டும் கட்டளை) போட்டு அட்டவணையை வளர்த்திருந்தார்கள். அதுவரை சேர்ந்த வரிசைகள் எல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி நகலாகும். துண்டுகளை லிஸ்டில் சேர்த்து இறுதியில் ஒரே தடவை இணைத்தால் போதும் என்று விளக்கமாக மின்னஞ்சல் அனுப்பினேன். ஒழுகும் ஓட்டையை அடைக்கச் சொன்னவளுக்குப் பதில்கூட இல்லை. அடியில் பெரிய அண்டா வைத்தவருக்குக் கைதட்டல்.

"நகலெடுப்பதே ஆரின் குணம்தானே?" என்று கேட்பீர்கள். ஒரே வெக்டருக்கு (மதிப்புகளின் தொடருக்கு) இரண்டு பெயர்கள் இருந்து, ஒன்றின் வழியாக அதை மாற்றினால் நகல் பிறக்கும்தான். ஆனால் 2020இல் வந்த 4.0.0 பதிப்பு முதல், ஒரு பொருளை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்று எண்ணிப் பார்த்து, வீண் நகல்கள் பலவற்றை அதுவே தவிர்க்கிறது. நம்பாதவர்கள் ட்ரேஸ்மெம் (tracemem) கட்டளையைப் போட்டுப் பார்க்கலாம். நகல் எடுக்கும்போதெல்லாம் திரையில் சொல்லிவிடும்.

பைத்தான் என்ற வேறு நிரல்மொழிக்கு மாறச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை.

"ரேம் மலிவு, பொறியாளரின் நேரம்தான் விலை அதிகம்" என்பவர்களுக்கு மட்டும் ஒன்று. முன்பு வேலை பார்த்த இடத்திலும் இதையே சொல்லித்தான் இயந்திரம் வாங்கினார்கள். அங்கே, சேமித்து வைத்த ரிக்ரஷன் மாடல்கள் (தரவிலிருந்து ஒன்றைக் கணிக்கும் புள்ளியியல் மாதிரிகள்) கணினியின் சேமிப்பு வட்டை நிரப்பிக்கொண்டிருந்தன. ஒரு பொருள் எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று சொல்லும் ஆப்ஜெக்ட் சைஸ் (object.size) கட்டளையைக் கேட்டாலோ சிறிய எண்ணையே காட்டியது. ஃபங்ஷனுக்குள் எழுதிய ஃபார்முலா (எதைக் கொண்டு எதைக் கணிப்பது என்ற குறிப்பு), அந்த ஃபங்ஷனின் சூழலையும் (அதன் மாறிகள் இருக்கும் இடத்தையும்), அதில் கிடந்த மூல அட்டவணையையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. ஆப்ஜெக்ட் சைஸ் அந்தச் சூழலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புது இயந்திரம் வந்த பிறகும் வட்டு நிரம்பியது. உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தது யாருடைய மலிவான நேரம் என்று நான் சொல்ல வேண்டுமா?

அளந்து காட்டினால் "ரொம்ப நுணுக்கமாகப் போகிறீர்கள்" என்கிறார்கள். அளக்காமல் பேசுபவருக்குத் தொலைநோக்குப் பார்வையாம். புது சர்வர் வந்துவிடும், வாழ்த்துகள். ஆர்பைண்டை லூப்புக்கு வெளியே எடுத்து நான் அனுப்பிய திருத்தம் மட்டும் இன்னும் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.